படம் பார்த்துப் பேச வைப்பது எப்படி: பிள்ளைகளின் மொழியும் யோசனையும் வளர ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் ஒரு படத்தைக் காட்டி "இதுல என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மரம், வீடு, மாடு, ஒரு ஆள் என்று நாலு சொல் வரும், அத்தோடு நின்றுவிடும். அதே படத்தைக் காட்டி "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். இப்போது வெறும் பெயர்களை அடுக்கித் தப்பிக்க முடியாது, "அந்த ஆள் மாட்டைத் தேடுதாரு" என்று ஒரு வாக்கியம் வந்தே ஆகவேண்டும். உடனே "எதைப் பார்த்து அப்படிச் சொல்லுத?" என்று கேட்டால், "மாடு மரத்துக்குப் பின்னால நிக்கி, அவருக்குத் தெரியல, அதான் கையைக் கண்ணுக்கு மேல வச்சுப் பாக்காரு" என்று காரணமும் சேர்ந்து வரும். அந்த ஒரு பதிலில் மொழியும் இருக்கிறது, யோசனையும் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகப்போகிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பிள்ளைகளுக்கு மாலை நேர வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். கீழே உள்ளது பள்ளி ஆசிரியருக்கும் பொருந்தும், நூலகத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்திருப்பவருக்கும் பொருந்தும், வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் பொருந்தும். செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது.

ஏன் படம்?

பாடப்புத்தகத்தைத் திறந்த உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். வாசிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் வருவார்கள், எழுத்துக் கூட்டத் திணறுகிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். படத்துக்கு முன்னால் அந்தப் பிரிவினை இல்லை. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைதான் பல நேரம் படத்தின் மூலையில் கிடக்கும் உடைந்த சிரட்டையை முதலில் கண்டுபிடிக்கும், அதைப் பற்றிச் சொல்ல ஆசைப்படும், சொல்லும்போது மொத்தக் கூட்டமும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கும். பேசத் துணிவு வந்த பிள்ளைக்கு எழுதவும் வாசிக்கவும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

நம் மாவட்டத்துக்கு இது கூடுதலாகத் தேவை. நாஞ்சில் நாட்டுப் பேச்சு ஒன்று, கடற்கரை ஊர்களின் பேச்சு ஒன்று, விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்த பேச்சு இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாடநூல் தமிழை வந்து சந்திக்கிறார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை பள்ளியில் ஊமையாகிவிடுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். படத்தைப் பற்றி வீட்டுப் பேச்சிலேயே பேசத் தொடங்கி, அங்கிருந்து பைய எழுத்துத் தமிழுக்கு நகரலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது

மனிதர்கள் ஒரு கலைப்படைப்பைப் பார்க்கும்போது மனதில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர் அபிகெய்ல் ஹவுசன் என்ற அமெரிக்க உளவியலாளர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைக் கவனித்தவர் பிலிப் யெனவைன். இருவரும் சேர்ந்து உருவாக்கிய முறையில் மூன்றே மூன்று கேள்விகள்தான். நம் பேச்சில் சொன்னால்: இந்தப் படத்துல என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்லுத? வேற என்ன தெரியுது?

ஹார்வர்டில் 1967-ல் தொடங்கிய பிராஜக்ட் ஸீரோ என்ற ஆய்வுக் குழு இன்னொரு வரிசையைத் தந்தது: என்ன பார்க்கிறேன், அதைப் பற்றி என்ன நினைக்கிறேன், எனக்குள் என்ன கேள்வி எழுகிறது. முதல் முறை கூடிப் பேசுவதற்கு, இரண்டாவது எழுதுவதற்கு நன்றாக உதவும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: படத்தைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது, அதனால் அவசரப்பட வேண்டாம். நல்ல படம் என்றால் அதில் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த பொருள்கள் கொஞ்சம், தெரியாதவை கொஞ்சம் இருக்க வேண்டும். கதை முடியாமல் நிற்க வேண்டும். வெறும் பூச்சாடி, வெறும் சூரிய அஸ்தமனம் என்றால் "அழகா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எழுத்து உள்ள படத்தையும் ஒதுக்குங்கள், பிள்ளைகள் எழுத்தை வாசித்துவிட்டுப் படத்தை விட்டுவிடுவார்கள்.

ரவிவர்மா 1893-ல் வரைந்த ஒரு ஓவியம் இதற்கு மிகப் பொருத்தம். ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறாள், காலடியில் ஒரு நாய். அவள் பார்ப்பது படத்துக்குள் இல்லை. யார் வருகிறார்கள், எதற்கு நிற்கிறாள், அது யார் வீடு என்று பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஓவியத்தின் பெயர் "அதோ அப்பா வருகிறார்". அந்தப் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது, அதனால் எந்தப் படத்துக்கும் தலைப்பையும் வரைந்தவர் பெயரையும் கடைசிவரை மறைத்து வையுங்கள்.

வெளிநாட்டுப் படம் என்றால் புரூகல் என்ற ஓவியர் 1560-ல் வரைந்த சிறுவர் விளையாட்டுகள் ஓவியம். அசல் வியன்னாவில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரு தெரு நிறைய விளையாடிக்கொண்டிருப்பார்கள். வளையம் உருட்டுவது, பச்சைக்குதிரை தாண்டுவது, பொய்க்கால் கட்டி நடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. இடது மூலையில் இரண்டு பேர் எலும்புத் துண்டுகளை வைத்து விளையாடுவதைப் பார்த்ததும் "இது நம்ம கல்லு விளையாட்டுல்லா!" என்று பிள்ளைகள் கத்திவிடுவார்கள். மொத்தப் படத்தையும் ஒரேயடியாகக் காட்டினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும், அதனால் மீதியைத் தாளால் மறைத்து ஒரு தடவைக்கு ஒரு கால் பகுதி மட்டும் காட்டுங்கள். பழைய ஓவியங்கள் பலவும் விக்கிமீடியா காமன்ஸில் நல்ல அளவில் இலவசமாகக் கிடைக்கும். ஏ3 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்துவிட்டால் வருடக்கணக்கில் ஓடும். செல்போன் திரை இரண்டு பிள்ளைகளுக்கு மேல் போதாது.

சாமி படங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் ஊரில் ஒரே பெஞ்சில் கோவிலுக்குப் போகிற பிள்ளை, சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளை என்று மூன்று பேரும் இருப்பார்கள். தெய்வம் இருக்கும் படத்தைப் போட்டால், தெரிந்த பிள்ளை பார்க்காமலே வீட்டில் கேட்ட கதையை ஒப்பிக்கும், தெரியாத பிள்ளை தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும். இந்தப் பழக்கம் நன்றாகக் கைவந்த பிறகு அந்தப் படங்களுக்கும் போகலாம், முதல் சில மாதங்களுக்கு அன்றாட வாழ்க்கைப் படங்களே போதும்.

வயதைப் பொறுத்துக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். நாலு முதல் ஆறு வயதுவரை மூன்று நான்கு பேர் மட்டும் உள்ள எளிய படம், பத்து நிமிடம். ஏழு முதல் பத்துவரை கூட்டமான காட்சிகள் பிடிக்கும், இருபது நிமிடம் தாங்குவார்கள். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.

உட்கார வைப்பது

தரையில் அரைவட்டமாக, எல்லார் கண்ணுக்கும் படம் தெரிகிற மாதிரி. எட்டு முதல் பன்னிரண்டு பேர் வசதி. நாற்பது பேர் வகுப்பு என்றால் பாதிப் பேருக்கு வேறு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மாற்றி மாற்றிச் செய்யலாம். படத்தைக் காட்டியதும் ஒரு முழு நிமிடம் யாரும் பேசக்கூடாது, கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். முதல் தடவை சிரிப்பும் சத்தமும் இருக்கும், பழகினால் சரியாகிவிடும்.

மூன்று கேள்விகளும் நடக்கும் விதமும்

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் கரைமடி, அதாவது கரையில் நின்று வலை இழுக்கிற காட்சி. இரண்டு வரிசையாக ஆட்கள் கயிறு இழுக்கிறார்கள், ஒரு ஓரமாக ஒரு பெண் மீன் கூடையான கடவத்தோடு நிற்கிறாள், ஒரு சிறுவன் மட்டும் கடலைப் பார்க்காமல் ஊர்ப்பக்கம் திரும்பி நிற்கிறான். பேச்சு இப்படிப் போகும்:

"இந்தப் படத்துல என்ன நடக்குது?"

"மடி இழுக்காங்க."

"மடி இழுக்கிற மாதிரி உனக்குத் தெரியுது. எதைப் பார்த்து அப்படிச் சொல்லுத மக்களே?"

"கயிறு நேரா கடலுக்குள்ள போவுது. ரெண்டு பக்கமும் ஆள் நிக்காங்க."

"சரி, கயிறு கடலுக்குள்ளே நீண்டு போறதும், ஆட்கள் ரெண்டு வரிசையா நிக்கிறதும் உனக்கு அதைக் காட்டுது. வேற என்ன தெரியுது?"

"மீன் இன்னும் கெடைக்கல."

"எதைப் பார்த்து?"

"அந்த மாமிக்க கடவம் காலியா கெடக்கு."

"இல்ல டீச்சர், ஏற்கெனவே ஒருக்கா கொண்டு கொடுத்துட்டு வந்திருப்பாங்க. கடவத்துக்க அடியில ஈரம் இருக்கு, பாருங்க, கறுப்பா."

இங்கே நில்லுங்கள். ஒரே கடவம், இரண்டு முடிவு, இரண்டுக்கும் ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆசை வரும், சொல்லாதீர்கள். "ஒருத்தர் கடவம் காலியா இருக்கிறதைப் பார்த்து மீன் இன்னும் கிடைக்கலன்னு ஊகிக்கிறாங்க. இன்னொருத்தர் அடியில ஈரத்தைப் பார்த்து, முன்னாடியே மீன் கிடைச்சிருக்கலாம்னு ஊகிக்கிறாங்க" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு "வேற என்ன தெரியுது?" என்று போய்விடுங்கள். அடுத்து யாராவது ஒரு பிள்ளை சூரியன் எங்கே நிற்கிறது, நிழல் எவ்வளவு நீளம் என்று தேடத் தொடங்கும், காலையா மத்தியானமா என்பது தெரிந்தால் எத்தனையாவது மடி என்று சொல்லலாம் அல்லவா. அந்த யோசனையை நீங்கள் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது, இரண்டு ஊகங்களும் முடியாமல் நின்றதால்தான் அது வருகிறது.

பிள்ளை பேசும்போது உங்கள் விரல் படத்தில் அது சொல்லும் இடத்தைத் தொட்டுக்கொண்டே போகட்டும். மற்ற பிள்ளைகளின் கண் அந்த இடத்துக்குப் போகும், பேசுகிற பிள்ளைக்கும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்பது புரியும். "இடது பக்கம்", "பின்னணியில்", "ஓரத்தில்" போன்ற சொற்கள் விரலோடு சேர்ந்து தானாகப் பதியும்.

"சபாஷ்", "வெரி குட்" எல்லாவற்றையும் இந்த இருபது நிமிடத்துக்கு நிறுத்தி வையுங்கள். ஒரு பதிலுக்குச் சபாஷ் சொன்னால் அடுத்த பிள்ளை படத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். படத்தில் இல்லாததை ஒரு பிள்ளை சொன்னால்? "தப்பு" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, "எதைப் பார்த்து?" என்று எல்லாரிடமும் கேட்கும் அதே குரலில் கேளுங்கள். ஒன்று பிள்ளையே தேடிப் பார்த்து மாற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் நீங்கள் கவனிக்காத ஒன்றைக் காட்டும். இரண்டும் லாபம்தான்.

திருப்பிச் சொல்வது

மொழி வளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிள்ளை சொன்னதை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும், ஆனால் அப்படியே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லக்கூடாது, ஒரு படி மட்டும் மேலே ஏற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை "மேகம் கறுப்பா கெடக்கு, மழை வரும்" என்றால் நீங்கள் "மேகம் கறுத்துத் திரண்டிருப்பதால் மழை வரும் என்று எதிர்பார்க்கிறாய்" என்கிறீர்கள். பிள்ளை "அவன் போகணுமா வேண்டாமான்னு நிக்கான்" என்றால் "அவன் போகத் தயங்கி நிற்கிறான்" என்கிறீர்கள். கருத்து பிள்ளையுடையது, திரண்டிருப்பது, எதிர்பார்ப்பது, தயங்குவது ஆகிய சொற்கள் உங்களுடையவை. தனக்குத் தேவைப்பட்ட நிமிடத்தில் கிடைத்த சொல் மறக்காது. அடுத்த வாரம் வேறு படத்தில் "இவளும் தயங்கி நிக்கா டீச்சர்" என்று அந்தப் பிள்ளையே சொல்லும்போது உங்களுக்கே தெரியும்.

இரண்டு படி மூன்று படி ஏற்றினால் பிள்ளைக்குத் தான் சொன்னதுதானா இது என்ற சந்தேகம் வந்துவிடும். "நான் அப்படிச் சொல்லல்ல" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் உடனே "அப்ப நீ எப்படிச் சொல்ல வந்த?" என்று கேளுங்கள். தன் கருத்துக்காக வாதாடும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் மிக நல்ல வாக்கியங்கள் வரும்.

வீட்டுச் சொற்களைத் திருத்த வேண்டாம். கடவம், சிரட்டை, ஓர்மை என்று பிள்ளை சொன்னால் அது சொல்தான், பிழை இல்லை. பாடநூலில் வேறு சொல் இருந்தால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டு நகருங்கள். மலையாளச் சொல் வந்தாலும் இதேதான்.

ஒரு பிள்ளை சொன்னதை இன்னொரு பிள்ளை சொன்னதோடு கோத்துவிடுவதும் உங்கள் வேலை. "நீ நிழலைப் பத்திச் சொன்னது, முன்னாடி அவன் ஈரத்தைப் பத்திச் சொன்னதுக்குப் பலம் சேர்க்குது" என்ற மாதிரி. கொஞ்ச நாளில் பிள்ளைகளே "அவ சொன்னதுல எனக்குச் சம்மதம் இல்ல, ஏன்னா..." என்று தொடங்குவார்கள். சண்டை போடாமல் மறுத்துப் பேசுவதைப் பிள்ளைகள் இப்படித்தான் பழகுகிறார்கள்.

பொறுத்திருப்பது

மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்னது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே மாதிரி எண்ணுங்கள், பல பிள்ளைகளின் "ஏன்னா" அந்த இரண்டாவது மௌனத்தில்தான் வரும்.

தகவல் சொல்ல வேண்டிய நேரம்

தகவலே சொல்லக்கூடாதா என்று கேட்பார்கள். சொல்லலாம், பிள்ளை கேட்ட பிறகு சொல்ல வேண்டும். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையையே எடுத்துக்கொள்வோம், நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த சிலை. போனதுமே "133 அடி, கணபதி ஸ்தபதி செதுக்கியது, 2000 ஜனவரி 1-ல் திறந்தது" என்று ஒப்பித்தால் அது பொது அறிவு வினா விடை. அதற்குப் பதில் ஒரு பெரிய புகைப்படத்தை வைத்துப் பேச விடுங்கள். இடுப்பு லேசாக வளைந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும். "எழும்பி நின்னு அதே மாதிரி நில்லுங்க பாப்போம், எந்தக் கால்ல எடை விழுது?" என்று எல்லாரையும் நிற்க வையுங்கள். வலது கையில் மூன்று விரல் மேலே நீண்டிருப்பதை யாராவது பார்ப்பார்கள், "ஏன் மூணு?" என்று கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள், அறம், பொருள், இன்பம் என்ற மூன்று பால். பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள், அதற்கு மேல் நிற்கும் 95 அடி மீதி இரண்டு பாலுக்கும். பிள்ளைகள் அந்த இடத்திலேயே கூட்டிப் பார்ப்பார்கள். தாங்களே கேட்டு வாங்கிய தகவல் என்பதால் அதைத் தனியாக மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இருக்காது.

பேசாத பிள்ளை, விடாமல் பேசும் பிள்ளை

பேசாத பிள்ளையை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் காதோடு காதாகப் பேச விடுங்கள், அப்புறம் பொதுவில் கேளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்வது எளிது. அதுவும் முடியாத பிள்ளை எழுந்து வந்து படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டட்டும், நீங்கள் அதைச் சொல்லாக்குங்கள், பிள்ளை தலையை ஆட்டட்டும். அதுவும் பங்கெடுப்புதான். விடாமல் பேசும் பிள்ளைக்கு "இதுவரை யார் சொன்னது உன்னை மாத்தி யோசிக்க வச்சது?" என்ற கேள்வியைக் கொடுத்துவிட்டால் மற்றவர்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

பேசி முடித்த சூட்டோடு எழுத வையுங்கள், மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் பாதி போய்விடும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், அதன் வாயிலிருந்து வந்தபடியே. பிறகு விரல் வைத்து அதையே வாசித்துக் காட்டுங்கள். தன் சொற்கள் எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு வாசிப்பு சட்டென்று விளங்கும்.

இரண்டாம் மூன்றாம் வகுப்புக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: "நான் ... என்று நினைக்கிறேன், ஏனென்றால் ..." இந்தச் சட்டகத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டால் காரணம் இல்லாமல் வாக்கியம் முடியாது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களில் உள்ள படங்களையும் இதே சட்டகத்தில் பேசி எழுத வைக்கலாம், தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை என்கிற ஆசிரியர்களுக்கு இது வசதி.

நாலாம் வகுப்பு முதல், படத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது, ஐந்து நிமிடம் கழித்து என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும், ஒருவர் கையில் படம், அவர் சொல்லச் சொல்ல மற்றவர் பார்க்காமல் வரைய வேண்டும். "அங்க ஒரு மரம்" என்று சொன்னால் வரைகிறவன் "எங்க? எவ்வளவு பெருசு? வீட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று நச்சரிப்பான். துல்லியமாகச் சொல்ல வேண்டியதன் அவசியத்தை இதைவிடச் சுருக்கமாகப் புரியவைக்கும் வேறு பயிற்சி எனக்குத் தெரியாது.

வெளியே அழைத்துப் போவது

நம் மாவட்டத்தில் அச்சுப் படத்தைத் தாண்டி எவ்வளவோ இருக்கிறது. ஒரே ஒரு விதி: ஒரு பயணத்துக்கு மூன்று பொருள்தான். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று ஓடினால் பிள்ளைகள் எதையும் பார்க்க மாட்டார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. வாசல் மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்களைத் தரையில் படுத்த மாதிரி அண்ணாந்து பார்த்து, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று சொல்ல வையுங்கள். மேலே அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, நிறமேற்றிய மைக்கா. அந்த அறைக்குள் வெளிச்சம் எப்படி இருக்கிறது, வெளியே நின்றபோது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னால் மங்கல், இதம், குளுமை என்று சொற்கள் வரும். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு, 1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவிடம் சரணடைவதைக் காட்டும் படைப்பின் முன்னால் வேறு கேள்விகள் வேண்டும்: யாரை நடுவில் வைத்திருக்கிறார்கள்? யார் தலை தாழ்ந்திருக்கிறது? டச்சுக்காரர் யாராவது இதைச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பிறகு அதே டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானதையும், அவர் கல்லறை பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில் இருப்பதையும் சொல்லி அங்கேயும் கூட்டிப் போகலாம்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் பிரகாரத் தூண்களில் வரிசையாக விளக்கேந்திய பாவைகள் நிற்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு பாவை என்று பிரித்துக் கொடுத்து, கொண்டை, நகை, முகம் ஒவ்வொன்றிலும் வேறுபாடு தேட வையுங்கள். சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய சமண ஞானிகளான தீர்த்தங்கரர்களில் ஒருவர் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கும். சிறு பிள்ளைகள் அது குடை பிடிக்கிறது என்பார்கள், பெரியவர்கள் பயமுறுத்துகிறது என்பார்கள், இரண்டு பேரிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான், எதைப் பார்த்து? அவர் பார்சுவநாதர் என்பதை இறங்கி வரும்போது சொன்னால் போதும். மயிலாடியில் சிற்பிகள் கல் செதுக்கும் பட்டறைகளுக்குப் போனால் பாதி முடிந்த சிலைகளைப் பார்க்கலாம், "இது என்னவா ஆகப்போகுது?" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கோவில்களிலும் அரண்மனையிலும் படம் எடுப்பதற்கு உள்ள கட்டுப்பாட்டை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போனுக்குப் பதில் ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், வரையும் கை கூடுதலாகப் பார்க்கும்.

வீட்டில் ஒரே பிள்ளை என்றால்

காலண்டர் படம், கல்யாண ஃபிளெக்ஸ், தோவாளையில் பூவால் கட்டும் மாணிக்க மாலை, வாசல் கோலம், எதுவும் ஆகும். மாணிக்க மாலையைக் கையில் கொடுத்து "இதை எப்படிக் கட்டியிருப்பாங்க? எங்கிருந்து தொடங்கியிருப்பாங்க?" என்று கேட்டால் அடுக்கு, வரிசை, மடிப்பு என்று பேச்சு கணக்குக்கே போய்விடும். பிள்ளை தானே வரைந்த படத்தைக் கொண்டுவந்தால் "இது என்ன?" என்று கேட்காதீர்கள், வரைந்தது புரியவில்லையோ என்று பிள்ளை சுருங்கிவிடும். "இதைப் பத்திச் சொல்லு மக்களே" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள். பாட்டியையும் தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பனை ஏறும் படத்தைப் பார்த்துப் பாட்டி சொல்லும் கரிப்பட்டிக் கதையில் வரும் சொற்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.

வளர்ச்சியை எப்படிக் கவனிப்பது

வாரத்துக்கு ஒரு முறை போதும், விடாமல் செய்வதுதான் முக்கியம். மாதம் ஒரு முறை பேச்சைப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், பெற்றோரிடம் கேட்டுவிட்டு. எந்த வாட்ஸப் குரூப்பிலும் போட வேண்டாம், பிள்ளைகள் தயங்காமல் பேசிய பேச்சு அந்த அறைக்கு மட்டும் உரியது. திரும்பக் கேட்கும்போது மூன்றைக் கவனியுங்கள். நீங்கள் கேட்காமலே "ஏன்னா" வருகிறதா? "இருக்கலாம்", "ஒருவேளை" என்று உறுதியில்லாததை உறுதியில்லாததாகவே சொல்கிறார்களா? மற்ற பிள்ளை சொன்னதைக் குறிப்பிட்டுப் பேசுகிறார்களா? மதிப்பெண் போட வேண்டாம்.

தொடங்கிய நாளில் பேசிய படத்தையும் அன்று பிள்ளைகள் எழுதிய தாள்களையும் ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். வருடக் கடைசியில் அதே படத்தை மறுபடி போட்டுப் பேச வைத்து, எழுதவும் வைத்து, அதற்கு அப்புறம்தான் பழைய தாள்களைக் கையில் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் இந்த இரண்டு தாள்களையே எடுத்துப் போங்கள்.